கோடி என்று வேண்டிக்கொண்டால்...

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். ஒரு பிரதோஷ நாளில் வேதகிரீஸ்வரரைத் தரிசிக்க மலையேறிக் கொண்டிருந்தேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் மூச்சு வாங்க நிழலில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் ஓர் அம்மா. வயது அறுபத்தைந்து இருக்கலாம். மடியில் துணிப்பை. அதற்குள் நான்கைந்து லாங் சைஸ் நோட்டுகள்.

''ஓம் நமசிவாய எழுதற நோட்டு சார். சுவாமி பாதத்துல வெச்சு எடுத்துட்டுப் போகலாம்னு கொண்டு வந்தேன்'' என்றார்.

''எவ்வளவு எழுதியிருக்கீங்கம்மா?''

''ஒன்பது வருஷமா எழுதறேன். ஒரு நாளைக்கு முந்நூறு. பத்து லட்சம் ஆகப் போகுது.''

''பத்து லட்சமா! எவ்வளவு பெரிய புண்ணியம்!'' என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

''நான் வேண்டிக்கிட்டது கோடி, சார்.''

மெள்ள விஷயத்தைச் சொன்னார். கணவருக்கு நெஞ்சுவலி வந்து, ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார். 'இவரைப் பொழைக்க வெச்சுடுப்பா, கோடி தடவை உன் பேரை எழுதறேன்' என்று வேண்டிக்கொண்டார். கணவர் பிழைத்தார். இன்றும் நலமாக இருக்கிறார்.

''அந்த நேரத்துல கோடின்னு வாயில வந்துடுச்சு. கோடின்னா எவ்வளவுன்னு எனக்கு எங்கே தெரியும்? போன மாசம் பேரன் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்துட்டு, 'பாட்டி, மீதியை முடிக்க இன்னும் எண்பத்திரண்டு வருஷம் ஆகும்'னு சிரிச்சான். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. இப்போ கையும் நடுங்க ஆரம்பிச்சிருக்கு. முடிக்காமப் போயிட்டேன்னா தெய்வக் குத்தம் ஆகிடுமா சார்? அவருக்கு ஏதாவது ஆகிடுமோ?''

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சகோதரிகளே, இந்தக் கேள்வி அந்த அம்மாவுடையது மட்டும்தானா? லட்சம் ஜபம், கோடி நாமம் என்று நாமும் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அவ்வளவு பெரிய எண்ணின் பெயரைச் சொல்லும்போது, உண்மையில் நாம் எதைச் சொல்கிறோம்? அதற்கு நாம் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர்கள்?

கோடி என்றால் எவ்வளவு?

முதலில் ஒரு வீட்டுக் கணக்கு. விநாடிக்கு ஒரு நாமம் வீதம், தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் முடிய 28 மணி நேரம் போதும். கோடி முடிய 115 நாட்களுக்கு மேல் ஆகும். நூறு கோடிக்கு 31 ஆண்டுகள் தாண்டிவிடும்! தினமும் 108 முறை என்று நிதானமாகச் சொன்னால், கோடியை முடிக்க 253 ஆண்டுகள் வேண்டும்.

பார்த்தீர்களா... லட்சமும் கோடியும் நம் நாக்கில் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால், இரண்டுக்கும் நடுவே ஒரு மனுஷ ஆயுளே அடங்கிவிடும்!

'கோடி' என்ற சொல்லையே கவனியுங்கள். தெருக்கோடி என்கிறோம்; தனுஷ்கோடி என்கிறோம். கடைசி, முனை என்று அர்த்தம். மனசு போய் நிற்கும் எல்லைதான் கோடி. அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால், 'கோடானு கோடி' என்று அதையே திருப்பிச் சொல்கிறோம்.

ஆனால் நம் முன்னோர் அங்கே நிற்கவில்லை!

தாமரையும் கடலும் எண்களே!

பழந்தமிழில் மிகப் பெரிய எண்களுக்கு என்ன பெயர் தெரியுமா? தாமரை, ஆம்பல், குவளை, நெய்தல், சங்கம், வெள்ளம்! 'ஐ', 'அம்', 'பல்' என்று முடியும் எண்ணுப் பெயர்களைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று அவற்றுக்கு உதாரணம் தருகிறார்கள் உரையாசிரியர்கள். பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் திருமாலைப் போற்றும்போது, உலகம் தோன்றி ஒடுங்கிய ஊழிக் காலங்களை இந்த மாதிரிப் பெயர்களால்தான் சொல்கிறார். கம்ப ராமாயணத்தில் சுக்ரீவனின் வானர சேனை எழுபது வெள்ளம் என்று படித்திருப்பீர்களே... அந்த வெள்ளமும் ஓர் எண்தான்.

வடமொழியிலும் இதே அழகு உண்டு. யஜுர் வேதத்தில் யாகம் செய்பவர், 'இங்கே அடுக்கிய செங்கற்கள் எல்லாம் எனக்குக் கறவைப் பசுக்களாகட்டும்' என்று வேண்டுகிறார். எத்தனை பசுக்கள்? ஒன்று, நூறு, ஆயிரம் என்று ஏறிக்கொண்டே போய், சமுத்திரம் என்ற எண்ணைத் தொட்டு, பரார்த்தம் என்பதில் முடிக்கிறார். ஒன்றுக்குப் பின்னால் 12 பூஜ்யம் போட்டால் அந்தப் பரார்த்தம் வரும். 1150-ம் ஆண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி என்ற கணித நூலிலோ, பரார்த்தம் என்பது 18-வது ஸ்தானம், 17 பூஜ்யங்கள்! நூலுக்கு நூல் அளவு மாறுகிறது. ஆனால் பெயர்கள் என்னவோ அதே தாமரை, அதே கடல்.

மற்ற நாட்டவர்களும் இந்தப் பிரமிப்பை அனுபவித்திருக்கிறார்கள். பழைய கிரேக்கர்களிடம் பத்தாயிரத்துக்கு மேல் தனிப் பெயர் கிடையாது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு, ஆர்க்கிமிடீஸ் என்ற அறிஞர் 'மணலை எண்ண முடியாது என்கிறார்களே, பார்க்கலாம்' என்று உட்கார்ந்தார். புதிதாக எண்ணுப் பெயர்களை உண்டாக்கி, பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் ஒன்றுக்குப் பின் 63 பூஜ்யம் போட்ட எண்ணுக்குள் அடங்கிவிடும் என்று அரசருக்கு எழுதினார். ஒன்றுக்குப் பின் 100 பூஜ்யம் போட்டால் 'கூகோல்'. இந்தப் பெயரை வைத்தது யார் தெரியுமா? அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னரின் ஒன்பது வயது மருமான்! உங்கள் பிள்ளைகள் தினமும் தேடுகிற கூகுள், அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான்.

அவர்கள் அளப்பதற்காகப் பெயர் வைத்தார்கள். நாமும் அளந்தோம். ஆனால் கூடவே இன்னொன்றும் செய்தோம். எண்ணுக்குக் கடல் என்று பெயர் வைத்தால், சொல்லும்போதே மனசு கரையில் போய் நின்றுவிடுகிறது. 'இது என் கைக்குள் அடங்காது' என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

சங்கல்பம் சொல்வது என்ன?

இது ஏதோ ஏட்டுப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலேயே ஒலிக்கிறது. கணபதி ஹோமமோ கிரகப்பிரவேசமோ, வாத்தியார் சங்கல்பம் செய்து வைக்கும்போது 'த்விதீய பரார்த்தே' என்பாரே... பிரம்மாவின் ஆயுளில் இரண்டாவது பாதி என்று அர்த்தம். பிரம்மாவின் ஒரு பகல், 432 கோடி வருடங்கள், இரவும் அவ்வளவே. இப்படி 360 நாட்கள் சேர்ந்தது அவருக்கு ஒரு வருடம். அந்தக் கணக்கில் 50 வருடங்கள் போய்விட்டன!

அதற்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள். பரார்த்தத்தில் ஆரம்பித்து, கல்பம், மன்வந்தரம், யுகம் என்று இறங்கி, இந்த வருஷம், இந்த மாதம், இந்தத் திதி, இந்த நட்சத்திரம் என்று வந்து, கடைசியில் யாரிடம் நிற்கிறது? கோத்திரத்தோடும் பெயரோடும் மணையில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம்!

இத்தனை பெரிய காலத்தை 'நீ முடித்துக் கொடு' என்று சாஸ்திரம் நம்மிடம் கேட்கவில்லை. 'இவ்வளவு பெரிய காலத்துக்குள் நீ இங்கே இருக்கிறாய். இன்று செய்ய வேண்டியதைச் செய்' என்கிறது.

மூன்று பிடி மண்

திருக்கழுக்குன்றத்துக்கே வருவோம். கோடி ருத்திரர்கள் வழிபட்டதால், இந்தத் தலத்துக்கு 'உருத்திரகோடி' என்றே ஒரு பெயர் உண்டு. மலையடிவாரத்தில் சங்கு தீர்த்தம். சங்கம் என்பதும் ஒரு பேரெண்ணின் பெயர் என்று பார்த்தோம். ஆனால், இங்கே சங்கு பிறப்பது 12 ஆண்டுகளுக்கு ஒன்று! அந்த ஒன்றைத் தரிசிக்கத்தான் ஊரே திரள்கிறது.

வேதமே இங்கு மலையாக நிற்பதால் வேதகிரி. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். பரத்வாஜ மகரிஷி வேதம் முழுவதையும் கற்றுவிட ஆசைப்பட்டு, நீண்ட ஆயுளை வேண்டினார். சிவபெருமான் மூன்று மலைகளைக் காட்டினார். அவற்றிலிருந்து கைப்பிடி மண் எடுத்து, 'நீ கற்றது இவ்வளவு. மலைதான் வேதம். ஆயுள் எத்தனை நீண்டாலும் இது முடியாது. பக்தியே எளிய வழி' என்று உணர்த்தினார். தைத்திரீய பிராமணத்திலும் இந்தக் கதை உண்டு. அங்கே மண்ணை எடுத்துக் காட்டுபவன் இந்திரன். பரத்வாஜரோ மூன்று ஆயுள் முழுக்கப் படித்துத் தளர்ந்து படுத்திருக்கிறார்.

இதைக் கேட்டால், 'பாவம், அவ்வளவு படித்தும் வெறும் பிடி மண்தானா?' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பிடி மண் எங்கிருந்து எடுத்தது? அதே மலையிலிருந்து! மலை வேதமானால் பிடியும் வேதம்தானே? அளவில்தான் குறைவு, தன்மையில் இல்லை. 'நீ தோற்றுவிட்டாய்' என்று இறைவன் சொல்லவில்லை. 'மலையை உன் கடனாக நினைக்காதே' என்றுதான் சொன்னார்.

கடலை இறைத்தவர்

கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே போனால் மாமல்லபுரம். பூதத்தாழ்வார் அவதரித்த திருக்கடல்மல்லை. சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஊர் நடுவே இருக்கும் தலசயனப் பெருமாளையும் அவசியம் தரிசியுங்கள்.

புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைப் பறித்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் திருவடியில் சமர்ப்பிக்க வேண்டும். ஆனால் கடல் குறுக்கே நிற்கிறது. என்ன செய்தார்? இரண்டு கைகளாலும் கடல் நீரை இறைக்கத் தொடங்கிவிட்டார்! கையில் தாமரை, எதிரில் சமுத்திரம். இரண்டுமே பேரெண்களின் பெயர்கள்! நடுவே இரண்டு கைகளோடு ஒரு மனிதர்.

அப்போது ஒரு முதியவர் வந்து, 'பசிக்கிறது. சாப்பிட ஏதாவது கொடு' என்றார். ரிஷி இறைப்பதை நிறுத்திவிட்டு, உணவு கொண்டு வரப் போனார். திரும்பி வந்து பார்த்தால், தாமரைகளைச் சூடிக்கொண்டு, பாம்பணையும் இல்லாமல் வெறுந்தரையில் சயனித்திருக்கிறார் பெருமாள்!

கடல் வற்றிய பிறகா பெருமாள் வந்தார்? இல்லை. எத்தனை கை நீர் இறைத்தார் என்று கணக்குப் பார்த்தா வந்தார்? அதுவும் இல்லை. பசி என்று வந்தவருக்காக ரிஷி தன் கணக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனாரே, அந்த இடைவெளியில் வந்து படுத்துக்கொண்டார்!

ஜபத்தின் நடுவே மாமனாருக்குக் கஞ்சி கொடுக்க எழுந்து போகிறவர்களே, குழந்தை அழுகிறது என்று நோட்டை மூடுகிறவர்களே... 'என் எண்ணிக்கை கெட்டுப் போச்சே' என்று இனி வருந்த வேண்டாம்.

360-ம் ஒன்றே!

மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை. திருமணம் தடைப்படுகிறவர்கள் மாலையோடு வந்து வேண்டிக்கொள்ளும் நித்ய கல்யாணப் பெருமாள். காலவ மகரிஷிக்கு 360 பெண்கள். நாளுக்கு ஒருத்தியாகக் கல்யாணம் செய்துகொண்ட பெருமாள், கடைசி நாளில் 360 பேரையும் ஒருத்தியாக்கித் தன் இடப்பக்கத்தில் ஏந்திக்கொண்டார். அவள் பெயர் அகிலவல்லி.

பிருகதாரண்யக உபநிஷதத்திலும் இப்படி ஓர் இறங்குவரிசை உண்டு. 'தேவர்கள் எத்தனை பேர்?' என்று யாக்ஞவல்கியரைக் கேட்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேல் என்று ஆரம்பிக்கிறார். மறுபடி மறுபடி கேட்கக் கேட்க, 33, ஆறு, மூன்று, இரண்டு, ஒன்றரை என்று குறைத்துக்கொண்டே வந்து, 'ஒன்று' என்று முடிக்கிறார்.

எண்ணிக்கை ஏறுவது நம் பக்கம். அது சேர்ந்து ஒன்றாவது இறைவனின் பக்கம்!

அப்படியானால் நேர்த்திக்கடன்?

'அதெல்லாம் சரி. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? மனசு போதும் என்று விட்டால், நாளைக்கு யாரும் எந்த வேண்டுதலையும் செலுத்த மாட்டார்களே!' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

11 பிரதட்சிணம் என்று வேண்டிக்கொண்டால் 11-தான். பத்தோடு நிறுத்திவிட்டு, 'சாமிக்குத் தெரியும்' என்று சொல்வது சோம்பேறித்தனம். 108 தேங்காய் என்றால் 108 உடைக்கத்தான் வேண்டும். ஏனென்றால், அதன் அளவு தெரிந்தே வாக்குக் கொடுத்தோம். ஆனால், ஐ.சி.யூ. வாசலில் ஒரு மனைவி 'கோடி' என்றாளே, அது கணக்கா? அவளுக்கு அந்தக் கணத்தில் எண் தெரியாது; பயமும் பாசமும்தான் தெரியும். தனக்குத் தெரிந்த மிகப் பெரிய சொல்லை எடுத்து இறைவன் முன் வைத்தாள். அதன் பொருள், 'என்னிடம் உள்ளது எல்லாம்' என்பதுதான். அந்தச் சொல்லைக் காப்பாற்ற வழி, தன்னிடம் உள்ளதைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. மிச்சத்துக்காக நடுங்குவது அல்ல. பாக்கிக்காக ஓர் உயிரைப் பிடித்து வைக்க, ஈசன் என்ன வட்டிக்கடைக்காரரா?

ஒன்றை மட்டும் விடக்கூடாது... நேர்மை! பத்து லட்சம் எழுதியிருந்தால் அட்டையில் பத்து லட்சம் என்றே எழுத வேண்டும். பக்கத்து வீட்டு மாமி இருபது லட்சம் என்றால், அதற்காக நம் எண்ணை உயர்த்தவும் கூடாது, கூசவும் கூடாது.

இன்னொன்று... நம் கோயில்களில் லட்சார்ச்சனை, கோடி அர்ச்சனை எப்படி நடக்கிறது? நூறு பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சஹஸ்ரநாமம் சொன்னால், ஒரே நாளில் லட்சம். அப்படி நூறு நாட்கள் கூடினால் கோடி! தனி ஒருவருக்கு எண்பது வருஷப் பாரமாகத் தெரிவது, நூறு பேருக்கு நூறு நாள் திருவிழா. கோடி என்பது கூடிச் செய்வதற்கான எண்.

மலைப்படியில் அந்த அம்மாவிடம் இத்தனையும் நான் சொல்லவில்லை. பரத்வாஜர் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்.

''அப்போ நான் எழுதினது ஒரு பிடி மண்ணுன்னு வெச்சுக்கலாமா சார்?''

''மலையில இருந்து எடுத்த பிடிம்மா'' என்றேன்.

''பேரன் நல்லா எழுதுவான்...'' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, ''அவன் ஒரு பக்கம் எழுதினா, அதை என் கணக்குல சேர்க்க மாட்டேன். அவன் கணக்குன்னு தனியா எழுதி வெப்பேன்'' என்றார், சிரித்தபடி. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நடுங்கும் கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, அடுத்த படியில் கால் வைத்தார்.

சகோதரிகளே, இனி வேண்டிக்கொள்ளும்போது உங்கள் கைக்கு அடங்கும் எண்ணைச் சொல்லுங்கள். ஏற்கெனவே பெரிய எண்ணைச் சொல்லிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம்; இன்றைய பங்கை இன்று எழுதுங்கள். அடுத்த முறை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், குழந்தைகளோடு நீங்களும் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். அதையே நம்மால் எண்ணி முடிக்க முடியாது. இருந்தாலும் அது நம் கைக்குள்தான் இருக்கிறது!